பாலையூற்றுக் கிற்றார்

சென்ற ஆண்டு இரண்டாம் தவணைப் பரீட்சையில், பத்தாந் தர மாணவருக்கு 'எமது வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்று' என்னும் தலைப்பிலே கட்டுரை எழுதப் பணித்திருந்தோம். அம்மி, உரல், குத்துவிளக்கு, பாட்டியின் வெற்றிலைத் தட்டம் என்றவாறு நாம் எதிர்பார்த்தவையே விடைத்தாள்களில் வரிசையாக வந்தன. ஒரு மாணவி மட்டும் வேறு விதமாகத் தொடங்கியிருந்தாள். தன் வீட்டுப் பழம்பொருள் பாட்டனாரின் மின்கிற்றார் என்றும், மின்சாரம் இல்லாத வேளையில் அது ஊமை என்றும், மின்சாரம் வந்தாலும் எல்லாருடைய கைக்கும் அது பேசாது என்றும் எழுதியிருந்தாள்.

நல்ல வாக்கியங்கள். ஆயினும் நாம் சிவப்பு மையால் ஓரத்திலே, 'மின்கிற்றார் பழம்பொருள் ஆகுமா? பண்பாட்டுப் பெறுமதி உள்ள பொருளைத் தெரிவு செய்க' என்று எழுதி, இருபதுக்கு ஒன்பது புள்ளி இட்டோம். விடைத்தாளைப் பெற்றுக்கொண்ட மாணவி அழவுமில்லை, வாதாடவுமில்லை. "வீட்டுக்கு வந்து பாருங்கோ சேர். பாத்திட்டுப் புள்ளியைப் போடுங்கோ" என்றாள்.

எம் குறிப்பின் பின்னே இருந்த மனப்பான்மையை இங்கே மறையாது சொல்லிவிட வேண்டும். பேராதனையிலே தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற நாளிலிருந்து, இசைக்கருவி என்றால் யாழ் என்றே எம் உள்ளம் எண்ணிப் பழகிவிட்டது. பொருநராற்றுப்படை யாழின் உறுப்புக்களை ஒவ்வொன்றாக விரித்துரைப்பதை வகுப்பிலே நாம் மகிழ்ச்சியோடு எடுத்துக் கூறுவோம். இதே திருகோணமலையின் இந்துக் கல்லூரியிற் பணியாற்றிய விபுலானந்த அடிகள், மறைந்துபோன யாழைக் கணக்கின் துணைகொண்டு மீட்கப் பல்லாண்டு உழைத்து, 1947 இல் யாழ் நூலை வெளியிட்டார் என்பதையும் பெருமிதத்தோடு சொல்வோம். கிற்றாரோ எமக்குத் துறைமுகத்து மதுச்சாலையிலிருந்து ஊருக்குள் நுழைந்த அந்நியச் சரக்கு. சீனக்குடா மாவாலையில் மூட்டை சுமந்து எம்மைப் படிப்பித்த தந்தையார், கூலிநாளில் கூட்டாளிகளோடு பைலா பாடிக்கொண்டு வந்தால், நாம் வெட்கி முகத்தைத் திருப்பிக்கொண்டதும் உண்டு.

ஒரு ஞாயிறு மாலை பாலையூற்றுக்குப் போனோம். பறங்கியர் பலர் வாழும் இடம் அது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்தின் வழித்தோன்றல்கள் அவர்கள். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் அவர்களுட் சிலர் இன்றும் போர்த்துக்கேயக் கலப்புமொழி ஒன்றை வீட்டிற் பேசுகின்றனர். பெயரைக் கேட்டு அவர்களை உயர்குடியினர் என்று எண்ணிவிடலாகாது. தச்சர், கொல்லர், இயந்திரம் பழுதுபார்ப்போர், தையற்காரர் என்று கைத்தொழிலால் வாழ்ந்தவர்களே பெரும்பாலோர். வயலினும் கிற்றாரும் கூட்டி அவர்கள் கலியாண வீடுகளில் ஆடும் கபிறிஞ்ஞா ஆட்டம் கிழக்கிலங்கையின் பழைய செல்வங்களுள் ஒன்று.

மாணவியின் பாட்டனாருக்கு வயது எழுபத்தெட்டு. துறைமுகத்தில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "வாங்கோ மாஸ்டர், ஒன்பது புள்ளி போட்ட மாஸ்டர் நீங்கள்தானே?" என்று சிரித்துக்கொண்டே வரவேற்றார். பிறகு மாப்பை ஒன்றிலிருந்து அந்தக் கிற்றாரை வெளியே எடுத்தார்.

சிவப்பும் கறுப்பும் கலந்து மின்னியிருக்க வேண்டிய மேனி, கை படும் இடங்களிலெல்லாம் தேய்ந்து மரம் தெரிந்தது. தலையிலே 'டெய்ஸ்கோ' என்ற பெயர். யப்பானிய நிறுவனம் அது. 1946 இல், போரிலே தோற்று அந்நாடு சாம்பலாய்க் கிடந்த வேளையில், கிற்றார்க் கலைஞர் ஒருவரும் மின்பொறியியலாளர் ஒருவரும் கூடித் தொடங்கியது. 1969 இலே துறைமுகத்துக்கு வந்த கப்பல் ஒன்றின் மாலுமியிடம், இரண்டு மாதச் சம்பளத்தையும் ஒரு கைக்கடிகாரத்தையும் கொடுத்துப் பெரியவர் அதை வாங்கினாராம். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

"அப்பா தொடமாட்டன் எண்டிட்டார்" என்றார் பெரியவர். அவருடைய தந்தையார் பிரித்தானியக் கடற்படைத் தளத்தின் மின்பட்டறைத் தொழிலாளி. 1942 ஏப்பிரல் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்த காலையில் அவர் பட்டறையில் நின்றார். சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கி எரிந்ததையும், கூட வேலை செய்தோர் மடிந்ததையும் கண்ணாற் கண்டவர். 1957 ஒற்றோபரில் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டபோது வேலை போயிற்று. பின்னர் வீட்டுத் திண்ணையில் வானொலிப்பெட்டி திருத்திப் பிழைத்தார். அத்தகையவர் யப்பானியச் சாமானை வீட்டுக்குள் விட விரும்பாததில் வியப்பில்லை.

இக்கருவியின் வரலாற்றை அன்றிரவே தேடிப் படிக்கலானோம். அது எம் எண்ணத்தைப் பெரிதும் மாற்றியது.

மின்கிற்றார் பிறந்ததன் காரணம் எளியது. நடன மண்டபங்களிலே ஊதுகருவிகளும் முரசும் எழுப்பும் பேரொலியிற் கிற்றாரின் குரல் அமிழ்ந்து போயிற்று. அதைக் கேட்கச் செய்ய வேண்டும். 1931 இல் கலிபோர்னியாவிலே ஜோர்ஜ் போஷாம் என்ற கலைஞர், அடொல்ஃப் றிக்கன்பேக்கர் என்ற பட்டறைக்காரரோடு சேர்ந்து, மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய்க் கிற்றார் ஒன்றை மின்னோடு இணைத்தார். வட்டமான உடலும் நீண்ட கழுத்துமாய் அலுமினியத்தில் வார்க்கப்பட்ட அதைக் கண்டோர் தாச்சி என்றே பெயரிட்டனர். 1936 இல் கிப்சன் நிறுவனத்தின் மின்கிற்றார் வந்தது. அதை ஏந்தியவருள் ஒருவர் சார்ளி கிறிஸ்டியன் என்ற கறுப்பின இளைஞர். அதுவரை தாளம் காட்டும் துணைக்கருவியாகப் பின்வரிசையில் இருந்த கிற்றார், அவர் கையிலே முன்வந்து தனிக்குரலாற் பேசியது. காசநோய் அவரை 1942 இல் இருபத்தைந்து வயதிலே கொண்டுபோயிற்று.

கருவியின் உள்ளே நிகழ்வது யாது? ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமயிரிலும் மெல்லிய செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது. செப்புச் சுருளிலே நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. மைக்கல் பரடே 1831 இலே கண்டு சொன்ன உண்மைதான் இது. அந்த மின்னோட்டத்தைப் பெருக்கி ஒலியாக்குகிறார்கள். 'பிக்கப்' என்று வாசிப்போர் சொல்லும் இச்சுருளே மின்கிற்றாரின் தொண்டை. சுற்று கூடினாற் குரல் தடிக்கும்; குறைந்தால் மெலிந்து கூர்மையாகும். கையாற் சுற்றும்போது கம்பி ஒரே சீராகப் படியாது. ஆகவே இரண்டு சுருள் ஒரே குரலாக அமைவதில்லை.

1950 இலே, உட்குழிவு இல்லாத திண்மரத்தாற் செய்த கிற்றாரைச் சந்தைக்குக் கொணர்ந்த லியோ ஃபெண்டர், அக்கருவியை வாசிக்கத் தெரியாதவர். வானொலி திருத்தும் கடைக்காரர். பாலையூற்றுத் திண்ணையில் இருந்தவரின் தொழிலேதான் அவருக்கும் தொழில். பழுதானாற் கழற்றி மாற்றத்தக்கதாய், கழுத்தைத் திருகாணியாற் பூட்டினார். 1951 இல் டெலிகாஸ்ரர் என்ற பெயரும், 1954 இல் ஸ்ற்றற்றோகாஸ்ரர் என்ற புதிய வடிவமும் வந்தன. வேலைசெய்யும் கலைஞருக்கு வாங்கக்கூடிய விலையில், திருத்தக்கூடிய கருவி என்பதே நோக்கம்.

அத்தொழிற்சாலையிலே செப்புக்கம்பி சுற்றியோர் பலர் மெக்சிக்க வழிவந்த பெண் தொழிலாளர். அவர்களுள் அபிகேல் இபாரா என்பவர் 1956 இல் வேலைக்குச் சேர்ந்து, 2013 வரை அரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கே உழைத்தார். கழுத்து இழைத்த தடேயோ கோமஸ் என்ற தொழிலாளி தம் பெயரின் முதலெழுத்துக்களை மரத்திலே பென்சிலாற் குறித்து வைத்தார். கழுத்தைக் கழற்றினாலன்றி அவை கண்ணிற் படா. இன்று செல்வர்கள் கழுத்தைக் கழற்றி அவ்வெழுத்துக்களைத் தேடுகின்றனர். கிடைத்தால் விலை ஏறுகிறது. எழுதியவருக்கு அன்று கிடைத்தது நாட்கூலி.

1965 இல் ஃபெண்டர் நிறுவனம் 1 கோடி 30 இலட்சம் டொலருக்கு சீ.பி.எஸ். என்ற பெருநிறுவனத்துக்குக் கைமாறியது. உற்பத்தி பெருகிற்று, தரம் தாழ்ந்ததென்று கலைஞர் முறையிட்டனர். அந்த ஆண்டுக்கு முற்பட்டவற்றைத் தேடி வாங்கும் வழக்கம் அதிலிருந்தே வலுப்பெற்றது. கிப்சன் நிறுவனம் 1958 முதல் 1960 வரை செய்த, சூரியாத்தமன நிறம் தீட்டிய லெஸ் போல் கிற்றார்கள் ஏறக்குறைய 1,700 மாத்திரமே. விலைபோகவில்லை என்று நிறுவனமே அவ்வடிவைக் கைவிட்டது. சில ஆண்டுகளில் இங்கிலாந்து இளைஞர் சிலர் பழைய கடைகளில் அவற்றைப் பொறுக்கியெடுத்து வாசித்தனர். உலகம் அக்குரலுக்கு மயங்கியது. இன்று அவை ஒவ்வொன்றும் பல இலட்சம் டொலர் பெறுவன. 2019 இலே டேவிட் கில்மோர் என்ற கலைஞர் தமது கறுப்பு ஸ்ற்றற்றோகாஸ்ரரை ஏலத்தில் விட்டார்; 39 இலட்சத்து 75 ஆயிரம் டொலர் கிடைத்தது. அவர் அப்பணத்தைச் சுற்றுச்சூழல் காக்கும் அறப்பணிக்கு அளித்தார் என்பதையும் சொல்லுதல் நீதி.

பழையதன்மேல் ஏன் இத்துணை மோகம்? காந்தம் சற்றே தளர்கிறது, மரம் உலர்கிறது, கழுத்தின் விளிம்பு விரல்பட்டு உருள்கிறது. குரல் கனிகிறது என்கிறார்கள். அதில் ஓரளவு மெய், ஓரளவு நம்பிக்கை. ஆனால் முன்னொருவன் தேய்த்த இடத்திலே நம் பெருவிரலும் போய்ப் பொருந்துகின்ற இன்பம் மெய்யானது. பழைய கலப்பையின் பிடியைத் தொட்ட உழவனுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டிலே இக்கருவிக்கு மதிப்புத் தேடித் தந்தவர்கள் பலர். 1960களில் கிளறன்ஸ் விஜேவர்த்தன சிங்கள மெல்லிசையிலே மின்கிற்றாரை நிலைநாட்டினார். தமிழிலே நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' முதலான பாடல்கள் பொப்பிசை அலையை எழுப்பின. இத்திருகோணமலையின் பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள் தம் மெல்லிசைப் பாடல்களை இசைத்தட்டில் ஏற்றினர். பாலையூற்றுப் பெரியவர் அக்காலத்துக் கலியாண வீடுகளிலும் கோயில் வீதிகளிலும் கார்னிவல் மேடைகளிலும் வாசித்தார். ஒரே இரவிலே போர்த்துக்கேயப் பாட்டும் சிங்களப் பைலாவும் தமிழ்ப் பொப்பும் அதே ஆறு தந்தியிற் பிறந்தன. மூன்று மொழியாரும் ஆடினர். பின்னாளில் அதே வீதிகளிலே மொழி கேட்டு ஆளைக் கொன்ற காலமும் வந்தது.

1970களிலே இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. கிற்றார்த் தந்தி கிடைக்கவில்லை. சைக்கிள் பிறேக் கம்பியைப் பிரித்து, அதன் இழையைத் தந்தியாக ஏற்றினாராம். 1974 இல் ஒரு நாள் கிற்றார் முற்றாக ஊமையாயிற்று. கடலுப்புக் காற்று செப்புச் சுருளை அரித்துவிட்டது. புதிய பிக்கப்புக்கு வழியில்லை. மகன் இரண்டு நாள் உண்ணாமற் கிடந்தான். மூன்றாம் நாள், தொடமாட்டேன் என்றிருந்த தந்தையார் திருப்புளியை எடுத்தார்.

"திறந்து பாத்தார் மாஸ்டர். கனநேரம் பேசேல்லை. பிறகு சொன்னார், 'செய்தவன் வேலை தெரிஞ்சவன்' எண்டு."

கழித்துவிட்ட தொலைபேசி ஒன்றின் மணிச்சுருளிலிருந்து கம்பியை அறுபடாமல் உரித்தெடுத்து, கைத்துறப்பணத்தின் முனையிலே சட்டத்தைப் பூட்டி, விளக்கு வெளிச்சத்தில் மூன்று இரவு சுற்றினார் அவர். குண்டு போட்டவனும் கிற்றார் செய்தவனும் ஒருவனல்லன் என்பதை அவருக்கு எவரும் போதிக்கவில்லை. வேலையைக் கண்டு அவரே அறிந்துகொண்டார்.

1990 இலே குடும்பம் வீட்டைவிட்டு ஓடியபோது கிற்றார் ஒரு மாச்சாக்கிற் பயணம் செய்தது. திரும்பி வந்தபோது வீட்டிற் கதவு இல்லை, கிற்றார் இருந்தது.

இவ்வளவையும் கேட்டு வந்த பின்னர், புரட்டாதி மாதத்தில் மாணவி எம்மிடம் மீண்டும் வந்தாள். கொழும்பிலிருந்து ஒருவர் கிற்றார் வாங்க வருகிறார். பாட்டனார் எம்மையும் வரச் சொன்னார் என்றாள். உறவுப் பையன் ஒருவன் கைப்பேசியிலே படம் அனுப்பியிருந்தானாம். விலை ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா என்று பேச்சு. 2022 இன் நெருக்கடியில் அவ்வீட்டின் தையல் இயந்திரமும் சைக்கிளும் போய்விட்டன. கூரைத் தகரம் ஓட்டை விழுந்து, மாரிக்கு முன் மாற்றியாக வேண்டிய நிலை. அந்தப் பணம் கூரைக்குச் சரியாகப் போதும்.

வந்தவர் மரியாதையுள்ள மனிதர், தொழில் தெரிந்தவர். கிற்றாரை இரு கையாலும் ஏந்தி வாங்கினார். பிறகு முன்பலகையின் திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்த்தார். உள்ளே, பிக்கப்பின் அடியில், நாட்காட்டித் தாள் ஒன்று நாலாக மடித்துச் செருகியிருந்தது. 1974 ஆம் ஆண்டுத் தாள். அதன் பின்புறத்திலே பென்சிற் கோடுகள், ஐந்தைந்தாகக் கட்டுக்கட்டாய். எண்ணிப் பார்த்தோம்: அறுபத்திரண்டு. ஒரு கோடு நூறு சுற்று. ஆறாயிரத்து இருநூறு சுற்றையும் அந்த மனிதர் எண்ணியிருக்கிறார்.

பெரியவரே அத்தாளை அதுவரை கண்டதில்லை. கையிலே வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அசல் இல்லை ஐயா" என்றார் வந்தவர். சுருள் மாற்றிச் சுற்றியது; முறுக்காணிகளும் வேறு; ஆகவே அறுபதாயிரம்தான் தரமுடியும் என்றார். சந்தையின் விதி அது, அவர் வகுத்ததன்று. தொழிற்சாலையை விட்டு வந்த நிலையிலே, எவரும் திருத்தாமல், கூடியமட்டும் எவரும் வாசிக்காமல் இருந்த கிற்றாருக்கே உச்ச விலை.

பெரியவர் எம்மைப் பார்த்தார். "நீங்கள் படிச்சவர் மாஸ்டர். சொல்லுங்கோ, குடுக்கவோ?"

வாசக அன்பர்களே, எம்மால் விடை சொல்ல முடியவில்லை. விற்காதீர்கள் என்று சொல்ல எமக்கு என்ன உரிமை? எம் தலைக்கு மேலே ஓட்டுக்கூரை உண்டு. மாதச் சம்பளம் உண்டு. பண்பாட்டைக் காக்குமாறு ஏழைக்கு உபதேசிப்பது எளிது, நனைபவன் அவன். விற்றுவிடுங்கள் என்றோ, அந்தத் தாளைக் கண்ட பிறகு நா எழவில்லை. பேத்திதான் பேசினாள். "தாளையும் சேத்துக் கொண்டுபோவீங்களோ?" என்று வந்தவரைக் கேட்டாள். "அது தேவையில்லை மகள்" என்றார் அவர், அன்பாகவே.

பெரியவர் தாளை மடித்து, இருந்த இடத்திலே வைத்து, திருகாணிகளைத் தாமே பூட்டினார். "பிழையா நினைக்காதையுங்கோ தம்பி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார்.

அசல் என்றால் என்ன என்று அன்று முதல் சிந்தித்து வருகிறோம். யப்பானியத் தொழிலாளி சுற்றிய சுருள் அசல்; திருகோணமலைத் தொழிலாளி மூன்று இரவு கண்விழித்துச் சுற்றிய சுருள் போலி என்பது யாருடைய கணக்கு? மூடிய பெட்டியிலே வைத்துப் பணத்தைப் பெருக்க நினைப்பவனின் கணக்கு. கருவி வாசிப்பதற்காக உள்ளது என்று கொண்டால், அதை மீண்டும் பேசவைத்த கை, முதலிற் செய்த கைக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. அபிகேல் இபாராவின் பெயரை இன்று உலகம் அறிகிறது, நல்லது. இத்துறைமுகத்திலே எத்தனை வயலின், எத்தனை ஆர்மோனியம், எத்தனை கிற்றார், எத்தனை மிருதங்கம் பெயரறியாத கைகளாற் பிழைத்தன என்பதை நாம் எழுதிவைத்தோமா? யாழின் உறுப்புக்களைப் புலவர் பாடினர். வாசித்த பாணரின் பசியையும் பாடினர். ஆயினும் அதன் வார்க்கட்டு அறுந்தபோது திருத்தியவன் யார் என்று நமக்குத் தெரியாது. திருத்துவோரும் வாசிப்போரும் இல்லாதொழிந்த பின்னரே யாழ் நூலில் வாழும் பொருளாயிற்று. அதை மீட்க அடிகளுக்குக் கணக்கு வேண்டியிருந்தது.

கதை மங்கலமாக முடிந்துவிடவில்லை. கூரை மாற்றப்படவில்லை. ஐப்பசியில் மழை பிடித்தது. ஆசிரியர் சிலர் கூடித் தறப்பாள் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். தறப்பாள் கூரை ஆகாது. கிற்றார் நனையாதிருக்க, மாரி முடியும்வரை எம் பாடசாலை நூலகத்து அலுமாரியிலே, அகராதிகளின் பக்கத்தில், அதற்கு இடம் கொடுத்தோம். இடைவேளையில் மாணவி அதை எடுத்து வாசிக்கிறாள். பெரியவர் புதன்கிழமைகளில் வந்து மேலும் நால்வருக்குப் பழக்குகிறார். முதற்பாடமாகத் திருப்புளி பிடிக்கவும் ஈயம் ஒட்டவும் சொல்லிக்கொடுக்கிறார். அவருக்கு ஒரு சிறு கொடுப்பனவு கிடைக்குமா என்று உரிய இடங்களுக்கு எழுதியிருக்கிறோம். மறுமொழி வரவில்லை; மறுபடியும் எழுதுவோம்.

விடைத்தாளை மாணவியிடம் கேட்டு வாங்கி, ஓரத்திலிருந்த எம் கேள்வியை வெட்டினோம். புள்ளியைத் திருத்தப்போனபோது அவள் தடுத்தாள். "இப்ப வேண்டாம் சேர். அந்தத் தாளைப் பற்றி நான் எழுதேல்லை. திருப்பி எழுதித் தாறன்" என்றாள்.

அக்கட்டுரைக்காகக் காத்திருக்கிறோம்.